கேம் டைமிங் சோதனை: குறி பொருந்தினால் போதுமா?

டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு வண்டி இழுக்கவில்லை என்று ஒருவர் திரும்பி வந்தால், கார்புரேட்டர் காலத்துப் பட்டறையில் அடுத்து நடந்தது பெரும்பாலும் ஒன்றுதான். மெக்கானிக் டைமிங் லைட்டை எடுப்பார். டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, சற்றே திருப்பி, லைட்டில் குறி சரியான இடத்துக்கு வந்ததும் இறுக்கிவிடுவார். வண்டி முன்பைவிடக் கொஞ்சம் நன்றாகவும் ஓடும். ஆனால் மேட்டில் அதே சோர்வு, பெட்ரோல் செலவிலும் மாற்றமில்லை. காரணம் எளிது. மாருதி 800-இன் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது கேம் ஷாஃப்ட்தான். பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தால் கேம் தள்ளிப்போகும், அதோடு தீப்பொறியும் தள்ளிப்போகும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியதில் தீப்பொறி மட்டும் தன் இடத்துக்கு வந்துவிட்டது. வால்வுகள் தவறிய நேரத்திலேயே திறந்து மூடுகின்றன. தவறைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய வெளி அடையாளமும் அத்துடன் அழிந்துபோனது.

டைமிங் லைட் காட்டுவது பொறி விழும் நேரத்தை. கேமின் நிலையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அப்படியானால் கேம் தன் இடத்தில் இருக்கிறது என்பதை எதை வைத்துச் சொல்வது? முன்மூடியைக் கழற்றிப் புல்லிக் குறிகளைப் பார்ப்பதிலிருந்து, பிளக் துளைக்குள் அழுத்த உணரியை நுழைத்துத் திரையில் கோடு பார்ப்பதுவரை பல முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. எல்லாம் ஒரே கேள்விக்கு விடை சொல்வதாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் வேறு ஏதோ ஒன்றை அளந்து, அதிலிருந்து கேமின் நிலையை ஊகிக்கிறது. எந்த முறை எதை நம்பி நிற்கிறது என்று பார்த்தால்தான், அது எங்கே ஏமாறும் என்பதும் தெரியும்.

முதலில் அளவைப் பார்ப்போம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. ஆகவே கிராங்க் புல்லியில் 20 பல் என்றால் கேம் புல்லியில் 40. இதில் ஒரு பல் தவறினால் கேமில் 9 டிகிரி, கிராங்க் கணக்கில் 18 டிகிரி. அது பெரிய அளவா? இலங்கைச் சாலைகளில் இன்றும் கண்ணில் படும் மோரிஸ் மைனர் 1000-இன் 948 சிசி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 5 டிகிரி முன்பு இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கும். உச்சியைக் கடந்து 10 டிகிரியில் எக்ஸாஸ்ட் மூடும். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருப்பது மொத்தமே 15 டிகிரி. இந்த அளவுகளின் பக்கத்தில் வைத்தால் 18 டிகிரி என்பது சின்னப் பிழையல்ல.

அதே எஞ்சினில் பிஸ்டன் அடிமட்டத்தைக் கடந்து 45 டிகிரி மேலேறிய பிறகுதான் இன்லெட் மூடுகிறது. கேம் 18 டிகிரி பின்தங்கினால் அது 63 ஆகும். உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியைப் பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். குறைந்த வேகத்தில் இழுவை போவது இதனால்தான். அதிக வேகத்தில் காற்றுக்கு உள்ள உந்தம் இதை ஓரளவு ஈடுகட்டுவதால், பின்தங்கிய கேம் உள்ள வண்டி நெடுஞ்சாலையில் சுமாராக ஓடி, ஊருக்குள் சோம்பும். கேம் முந்திவிட்டால் கதை தலைகீழ். பின்தங்கியது டீசல் என்றால் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் வெள்ளைப் புகை தள்ளும், ஏனென்றால் அழுத்தம் குறைந்தால் சூடும் போதாது. இரண்டு மூன்று பல் தாண்டிவிட்டால், பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் அடித்து வளைந்துவிடும். அதற்குப் பிறகு சோதிக்க ஒன்றுமில்லை, ஹெட்டை இறக்க வேண்டியதுதான்.

குறி பார்ப்பதே பழைய முறை, இன்றும் பரவலான முறை. கிராங்க் புல்லியில் ஒரு குறி, கேம் புல்லியில் ஒரு குறி, இரண்டும் உடலில் உள்ள குறிகளோடு ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். இதில் முதல் வலை வெளிப்புறக் கிராங்க் புல்லி. அதிர்வைத் தாங்குவதற்காகப் பல எஞ்சின்களில் இந்தப் புல்லியின் நடுக்கட்டைக்கும் வெளி வளையத்துக்கும் இடையே ரப்பரை ஒட்டியிருப்பார்கள். வயதானால் ரப்பர் விட்டுப்போய், வெளி வளையம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். குறி இருப்பதோ அந்த வெளி வளையத்தில். அதை நம்பிப் பொருத்தினால் எல்லாக் குறியும் அழகாகப் பொருந்தும், டைமிங் மட்டும் தவறியிருக்கும். நம்ப வேண்டியது உள்ளே இருக்கும் பல்சக்கரத்தின் குறியைத்தான்.

இரண்டாவது, கிராங்க் குறி ஒரு கேம் சுற்றில் இரண்டு முறை மேலே வரும். கிராங்க் குறி பொருந்தியிருக்க, கேம் குறி நேர் எதிர்ப்பக்கம் நிற்பதைப் பார்த்து டைமிங் போய்விட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. பதற வேண்டாம். கிராங்கை இன்னொரு முழுச்சுற்றுச் சுற்றினால் கேம் குறி தானே வந்து நிற்கும். எது அழுத்த ஸ்ட்ரோக்கின் உச்சி என்று உறுதிசெய்ய நான்கு சிலிண்டர் வண்டியில் ஒரு சுருக்குவழி உண்டு. 1-3-4-2 வரிசையில் எரியும் எஞ்சினில் முதல் சிலிண்டர் அழுத்தத்தின் உச்சியில் இருந்தால் நான்காவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்லெட் திறந்துகொண்டும் இருக்கும். கிராங்கை அப்படியும் இப்படியும் லேசாக அசைத்தாலே அந்த இரண்டு வால்வும் ஆடுவது தெரியும். இதைக் கற்றுக்கொண்ட கை மூன்று சிலிண்டர் வண்டிக்கு வந்தால் தடுமாறும். மாருதி 800 தொடங்கி இன்றைய சிறிய கார்களில் பலவும் மூன்று சிலிண்டர். அங்கே ஒரு பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது வேறெந்தப் பிஸ்டனும் உச்சியில் இருப்பதில்லை. ஆகவே ஆடும் ஜோடி கிடையாது. முதல் சிலிண்டரின் சொந்த வால்வுகள் இரண்டும் மூடி, டேப்பெட்டில் இடைவெளி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

செயின் எஞ்சினில் நிறம் பூசிய கண்ணிகள் வேறு. மாட்டும்போது அவை குறிகளுக்கு நேராக வர வேண்டும். மாட்டி முடித்து இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகு பார்த்தால் அவை எங்கோ போயிருக்கும். கண்ணிகளின் எண்ணிக்கையும் பற்களின் எண்ணிக்கையும் அப்படி அமைந்திருப்பதால், பழைய இடத்துக்குத் திரும்ப அவற்றுக்குப் பல சுற்று ஆகும். நிறக் கண்ணி மாட்டும் நேரத்துக்கான உதவி மட்டுமே. சரிபார்க்க வேண்டியது பல்சக்கரக் குறிகளை.

குறி முறையின் உயிர்நாடி கையால் சுற்றிப் பார்ப்பது. பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் போல்ட்டில் ரேட்செட்டைப் போட்டு, எஞ்சின் இயல்பாகச் சுழலும் திசையில் முழுதாக இரண்டு சுற்று, பிறகு குறிகளை மறுபடி பார்ப்பது. பெல்ட்டை மாட்டும்போது டென்ஷனர் இல்லாத பக்கத்தில் ஒளிந்திருக்கும் தளர்ச்சி இந்தச் சுற்றில்தான் வெளியே வரும். நிறுத்தத்தில் பொருந்தியிருந்த குறி, சுற்றி வந்ததும் அரைப்பல் விலகி நிற்பதைப் பார்க்கலாம். குறி தாண்டிவிட்டது என்று பின்னோக்கிச் சுற்றக் கூடாது, தளர்ச்சி பக்கம் மாறிவிடும். கேம் போல்ட்டைப் பிடித்து எஞ்சினைச் சுற்றவும் கூடாது. சுற்றும்போது எங்காவது கெட்டியாகத் தடுத்தால் நிறுத்திவிட வேண்டும். அது வால்வு பிஸ்டனைத் தொடும் இடம். கையால் தொட்டால் தடுப்பு, ஸ்டார்ட்டரால் தொட்டால் ஹெட் வேலை.

ஆனாலும் குறி என்பது தொழிற்சாலை நமக்கு விட்டுச்சென்ற வாக்குறுதி மட்டுமே. வால்வு எப்போது திறக்கிறது என்று வால்வையே கேட்பது வேறு. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) காலத்துக் கையேடுகளில் இதற்கு ஒரு நல்ல வழி இருந்தது. முதல் சிலிண்டரின் இன்லெட் டேப்பெட் இடைவெளியைச் சோதனைக்காக மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக வைத்து, கிராங்கைச் சுற்றிக்கொண்டே வந்தால், ராக்கர் வால்வைத் தொடும் கணத்தில் புல்லிக் குறி குறிப்பிட்ட டிகிரியில் நிற்க வேண்டும். இடைவெளியை ஏன் கூட்ட வேண்டும்? கேம் முனையின் தொடக்கச் சரிவு சத்தம் வராமலிருக்க மிக மெதுவாக ஏறும்படி அமைந்தது. அந்தச் சரிவில் ராக்கர் தொட்டதா இல்லையா என்பது மங்கலாகவே தெரியும். இடைவெளி கூடினால் சரிவைத் தாண்டி, வேகமாக ஏறும் இடத்தில் தொடுகை விழும், கணம் துல்லியமாகும். முன்மூடியைத் திறக்காமல் செய்யக்கூடிய சோதனை இது. தள்ளுகம்பி எஞ்சின்களோடு இந்த வழக்கமும் போய்விட்டது பெரிய இழப்பு என்பேன்.

இந்தக் கேள்வியை எல்லையில்லாத் துல்லியத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் பந்தய எஞ்சின் கட்டுகிறவர்கள். அவர்கள் கிராங்கில் 360 டிகிரி பிரித்த தட்டையும் வால்வின் மேல் டயல் கேஜையும் வைப்பார்கள். முதல் சிக்கல் உச்சியைக் கண்டுபிடிப்பது. பிளக் துளையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, அது மேலேறுவது நிற்கும் இடம்தான் உச்சி என்று சொல்லும் பழக்கம் நம் ஊரில் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்ட்ரோக் 80 மி.மீ., கனெக்டிங் ராட் 130 மி.மீ. என்றால், உச்சியிலிருந்து 5 டிகிரி தள்ளி நிற்கும் பிஸ்டன் இறங்கியிருப்பது 0.2 மி.மீ.தான். ஒரு டிகிரி என்றால் 0.01 மி.மீ.கூட இல்லை. ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்த விரலுக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே பிளக் துளையில் ஒரு தடுப்பை முடுக்கி, பிஸ்டன் அதில் முட்டும்வரை ஒரு பக்கம் மெதுவாகச் சுற்றி ஓர் அளவும், மறுபக்கம் சுற்றி இன்னோர் அளவும் எடுக்கிறார்கள். இரண்டின் நடுப்புள்ளிதான் உண்மையான உச்சி. பிஸ்டன் வேகமாக நகரும் இடங்களில் அளந்து, நகராத இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி.

கேமுக்கும் இதே உத்திதான். வால்வு முழுதாகத் திறந்திருக்கும் புள்ளியும் தட்டையானது, நேரே பார்த்தால் தெரியாது. அதற்கு இருபுறமும் ஒரே அளவு இறங்கியிருக்கும் இரண்டு டிகிரிகளை எடுத்து நடுவைக் கண்டுபிடிப்பார்கள். அதைக் கேம் தயாரித்தவர் கொடுத்த எண்ணோடு ஒப்பிட்டால் டைமிங் முந்தியா பிந்தியா என்பது ஒரு டிகிரி அளவுக்குத் தெரியும். எந்தக் குறியையும் நம்பாத முறை. ஹெட் முகம் இழைக்கப்பட்டு உயரம் குறைந்த எஞ்சினில் கேம் சற்றே விலகியிருப்பதைக்கூட இது காட்டும், குறிகள் காட்டாது. ஆனால் அரை நாள் வேலை. தினசரிப் பட்டறைக்கு ஒத்துவராது. இரு பக்கமும் ஒரே சாய்வில் இல்லாத கேம் என்றால் நடுப்புள்ளிக் கணக்கும் சற்றுத் தவறும்.

குறிகளையே நீக்கிவிட்டுப் பூட்டு ஊசிகளைக் கொண்டுவந்தது அடுத்த தலைமுறை. 2012-இல் இந்தியாவுக்கு வந்த ரெனோ டஸ்டரின் 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேம்களின் பின்முனையை மூடியிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் மூடிகளைக் குத்தி எடுக்க வேண்டும். அவை போனது போனதுதான், முடிக்கும்போது புதியவை போட வேண்டும். உள்ளே ஒவ்வொரு கேமின் முனையிலும் ஒரு வெட்டு. வெட்டு சரியாக நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், அதனால் கேம் தலைகீழாக நிற்பதற்கு வாய்ப்பில்லை. இரண்டு வெட்டுக்கும் சேர்த்து ஒரு பட்டை. கிராங்குக்குப் பிளாக்கில் முடுக்கும் ஓர் ஊசி, கிராங்கின் வெட்டுமுகம் அதில் வந்து சாய வேண்டும். இவ்வளவும் நின்ற பிறகுதான் பெல்ட்.

இந்த எஞ்சினில் கிராங்கின் பல்சக்கரம் சாவி இல்லாதது. போல்ட்டின் இறுக்கமும் உராய்வும் மட்டுமே அதைப் பிடித்து நிறுத்துகின்றன. அது பொருந்தும் முகத்தில் எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் ஓடும்போது நழுவலாம், ஆகவே துடைத்துச் சுத்தம் செய்வது டைமிங் வேலையின் ஒரு பகுதி. சாவி உள்ள எஞ்சின்களில் பழகியவர் கிராங்க் போல்ட்டைச் சும்மா தளர்த்திவிட்டால் டைமிங் அந்த நொடியே கையைவிட்டுப் போய்விடும், திரும்பக் கண்டுபிடிக்க எந்தக் குறியும் இருக்காது. ஊசியை எஞ்சினைப் பிடித்து நிறுத்தும் கைப்பிடியாக நினைத்து, அதை வைத்தே போல்ட்டைக் கழற்றுகிறவர்களும் உண்டு. ஊசி வளையும், வளைந்த ஊசி அடுத்த வண்டிக்கும் தவறான உச்சியையே காட்டும். கருவிப்பெட்டி வாங்கக் காசில்லாமல் அளவான ட்ரில் பிட்டைச் செருகிச் சமாளிப்பதை நான் முழுதாகக் குறை சொல்லமாட்டேன். துளையில் அது ஆடுகிறதா என்று மட்டும் பார்த்தால் சரி. ஆடினால் அளவு போச்சு.

இதுவரை சொன்னதெல்லாம் மூடியைத் திறந்து பார்ப்பது. திறக்காமலே தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயத்தைச் செயின்தான் உண்டாக்கியது. கதை பெல்ட்டில் தொடங்குகிறது. 1962-இல் விற்பனைக்கு வந்த பவேரியாவின் கிளாஸ் 1004 என்ற கார்தான் பல் பெல்ட்டைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. மலிவு, சத்தமில்லை, எண்ணெய் வேண்டாம். ஆனால் கெடு வைத்து மாற்ற வேண்டும். மாற்றவே வேண்டாம் என்ற பேச்சோடு செயின் திரும்பி வந்தது, சிலவற்றில் பேச்சு பொய்த்தது. ஃபோக்ஸ்வாகன் தன் சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் செயினைவிட்டு 2012 வாக்கில் வந்த இஏ211 வரிசையில் மறுபடி பெல்ட்டுக்கு மாறியது. பிஎம்டபிள்யூ என்47 டீசலில் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது. அதைக் கண்ணால் பார்ப்பதற்கே பெரிய இறக்கு வேலை.

செயின் நீளுவது என்கிறோம். இரும்பு இழுபட்டு நீள்வதில்லை, ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் புஷ்ஷும் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. கிராங்குக்கும் கேமுக்கும் இடையே இழுபடும் பக்கம் 400 மி.மீ. என்றும் தேய்மானம் 0.5 விழுக்காடு என்றும் வைத்துக்கொண்டால் 2 மி.மீ. நீளம் கூடும். 50 மி.மீ. ஆரமுள்ள கேம் சக்கரத்தில் அது சுமார் 2.3 டிகிரி, கிராங்க் கணக்கில் 4.6 டிகிரி. எந்தப் பல்லும் தாண்டவில்லை, ஆனாலும் கேம் பின்தங்கிவிட்டது. எஞ்சின் கணினி கவனிப்பது இதைத்தான். கிராங்க் உணரியின் சிக்னலையும் கேம் உணரியின் சிக்னலையும் ஒப்பிட்டு, விலகல் எல்லை மீறினால் செக் எஞ்சின் விளக்கை ஏற்றி பி0016 போன்ற எண்ணைப் பதியும்.

அந்த எண்ணைப் பார்த்ததும் செயின் மாற்ற எஸ்டிமேட் போடுவதுதான் இன்றைய பட்டறைகளின் பெரிய குறை. கணினி சொன்னது இரண்டு சிக்னல் ஒத்துப்போகவில்லை என்பது மட்டுமே. செயின் தேய்ந்திருக்கலாம். மாறும் வால்வு டைமிங் உள்ள எஞ்சினில் கேமின் முனையில் உள்ள ஃபேஸர், அழுக்கெண்ணெயால் அதன் கட்டுப்பாட்டு வால்வு அடைத்து, பாதி வழியில் சிக்கியிருக்கலாம். கேமில் உள்ள உணரி வளையமே நகர்ந்திருக்கலாம். ஒயரிங் பழுதாகவும் இருக்கலாம். எண்ணெய் மாற்றத்தில் தீர வேண்டியதற்கு எஞ்சினைப் பிரித்த கதைகள் எல்லா ஊரிலும் கிடைக்கும். ஸ்கேனரில் கேமின் இலக்குக் கோணத்தையும் உண்மைக் கோணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது குறைந்தபட்சக் கடமை. இதே ஃபேஸர்தான் குறி பார்க்கிறவரையும் ஏமாற்றும். அது தன் ஓய்வு நிலையில் பூட்டியிருக்கும்போது பொருத்தினால்தான் குறிகளுக்கு அர்த்தம்.

ஆஸிலாஸ்கோப் வைத்திருப்பவர் இன்னும் ஒரு படி முன்னே போகலாம். பல வண்டிகளில் கிராங்க் உணரிச் சக்கரம் 60 பல்லுக்கு இடம் விட்டு 58 பல் வெட்டியது, விடுபட்ட இரண்டு பல்தான் அடையாள இடைவெளி. ஒரு பல்லுக்கு 6 டிகிரி. கேம் சிக்னலின் விளிம்பு அந்த இடைவெளியிலிருந்து எத்தனையாவது பல்லில் விழுகிறது என்று எண்ணினால் போதும். பெல்ட் ஒரு பல் தாண்டி 18 டிகிரி போயிருந்தால் திரையில் மூன்று பல் நகர்ந்திருக்கும், குழந்தைகூட எண்ணிவிடும். சரியான வண்டியின் பதிவு ஒன்று ஒப்பிடக் கையில் வேண்டும் என்பதுதான் தடை. வேலை செய்த ஒவ்வொரு நல்ல வண்டியின் பதிவையும் சேமித்துவைக்கும் பட்டறை இரண்டு மூன்று ஆண்டில் தனக்கென ஒரு நூலகத்தை வைத்திருக்கும்.

உணரி வளையத்தையும் நம்பாமல் வால்வையே கேட்க வேண்டுமென்றால் அழுத்த உணரி. ஒரு பிளக்கைக் கழற்றி அங்கே அதை முடுக்கி, மற்ற சிலிண்டர்களில் ஐட்லிங் ஓடவிட்டால், அழுத்தத்தின் கொடுமுடிதான் உச்சி. அதிலிருந்து அடுத்த கொடுமுடிவரை 720 டிகிரி. எக்ஸாஸ்ட் திறப்பதும் இன்லெட் மூடுவதும் கோட்டின் வளைவுகளில் தெரியும். பிஎம்சி கையேட்டின் ராக்கர் சோதனைக்கு இன்றைய வாரிசு என்று இதைச் சொல்வேன்.

விலை மலிவான கருவிகளும் பயனற்றவை அல்ல. கம்ப்ரஷன் கேஜில் ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் வால்வு அல்லது ரிங். எல்லாமே ஒரே அளவு குறைந்திருந்தால் கேம் மீது சந்தேகம் வர வேண்டும். வாக்குவம் கேஜ் கடல்மட்டத்தில் ஐட்லிங்கில் பாதரசக் கணக்கில் 17 முதல் 21 அங்குலம் காட்ட வேண்டும். முள் ஆடாமல் அதற்குக் கீழே நின்றால் டைமிங் பிந்தியிருக்கலாம். ஆனால் உயரம் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலத்தைக் குறைத்துவிடும். ஊட்டியில் நலமாக உள்ள எஞ்சின் காட்டும் அளவு சென்னையில் நோயின் அறிகுறி. பெல்ட் அறுந்த எஞ்சினுக்கு இதுவும் வேண்டாம். அழுத்தத்தின் ஏற்ற இறக்கமில்லாமல் ஸ்டார்ட்டர் வழுக்கிக்கொண்டு வேகமாகச் சுற்றும் ஒலியே சொல்லிவிடும்.

என் முடிவு இது. வண்டி வந்ததும் எஞ்சினைத் திறக்காதீர்கள். கம்ப்ரஷன், ஸ்கேனர், முடிந்தால் ஸ்கோப் என்று வெளியிலிருந்து கேளுங்கள், அதில் இரண்டு ஒத்துச் சொன்னால் மட்டும் மூடியைக் கழற்றுங்கள். ஒரே முறையை இரண்டு தடவை செய்வது இரண்டு சாட்சி ஆகாது. திறந்த பிறகு, அந்த எஞ்சினுக்கு ஊசி உண்டென்றால் ஊசி, இல்லையென்றால் உட்சக்கரக் குறி. பெல்ட்டோ செயினோ மாட்டியதும், எவ்வளவு அனுபவம் இருந்தாலும், கையால் இரண்டு சுற்று.

வண்டி வைத்திருப்பவருக்கும் ஒரு வார்த்தை. பெல்ட் மாற்ற வண்டியை விடும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். கழற்றுவதற்கு முன் குறிகள் நின்ற நிலையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகு அதே இடத்தை மறுபடி படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் உங்கள் கைபேசிக்கு வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.